பெயரை அளக்காத பெட்டி

சென்னை

அன்புத் தம்பிக்கு,

அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நல்லது. கச்சான் காற்றில் மொட்டைமாடி டிஷ் எல்லாம் துருவேறிப் போச்சு என்று அவர் புலம்புவதைப் போனில் நானும் கேட்டேன். கேபிள் தொழிலே இணையமாக மாறி இத்தனை வருஷம் ஆகியும் அவருக்கு டிஷ் தான் பெருமை. இருக்கட்டும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "ரூட்டரில் ஓட்டை இருக்கு, அப்டேட் பண்ணுன்னு சொல்றாங்க. நல்லா ஓடுற பெட்டியை எதுக்குத் தொடணும்? பாஸ்வேர்டு எனக்கு மட்டும் தானே தெரியும்?" போனில் இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் "சரிக்கா" என்பாய், செய்யமாட்டாய். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய படத்தில் உன் மைக்ரோடிக் ரூட்டரின் பதிப்பு 6.40 என்று தெரிகிறது. மைக்ரோடிக் பெட்டி மோசமான பெட்டி இல்லை. லாட்வியாவின் ரிகா நகரத்துக் கம்பெனி, 1996இல் தொடங்கியது. பெரிய கம்பெனிப் பெட்டி வாங்கக் காசில்லாத உன்னைப் போன்ற சின்ன ஆபரேட்டர்கள் உலகம் பூராவும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஒருநாள் சாயல்குடிப் பக்கமோ விளாத்திகுளம் பக்கமோ போய்க் கேட்டுப் பார், பாதிப் பேர் அலமாரியில் அதுதான் இருக்கும். எங்கும் இருப்பதால்தான் திருடனுக்கும் அதன்மேல் கண். 2018ஆம் வருஷம் அந்தப் பெட்டிக்குச் சனி பிடித்த வருஷம். உன் 6.40 அதற்கு முந்தையது.

2018 மார்ச்சில் கோர் செக்யூரிட்டி என்ற நிறுவனத்தார் ஒரு பிழையை வெளியிட்டார்கள். பிழைகளுக்கான பதிவேட்டில் அதன் எண் சி.வி.இ-2018-7445. ரூட்டருக்குள் எஸ்.எம்.பி. என்று ஒரு சேவை உண்டு, கோப்பு பகிர்வதற்கு. ஒரு கம்ப்யூட்டர் அதோடு பேசத் தொடங்கும்போது முதலில் "நான் இன்ன பெயரைக் கூப்பிடுகிறேன், என் பெயர் இது" என்று அனுப்பும். அந்தப் பெயர் துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு பைட், "அடுத்து இத்தனை எழுத்து வருகிறது" என்று. ரூட்டர் அந்த எண்ணைப் படிக்கும், அத்தனை எழுத்தைத் தன் நினைவகத்தில் ஒதுக்கிய இடத்துக்குள் நகலெடுக்கும், அடுத்த எண்ணைப் படிக்கும், மறுபடி நகலெடுக்கும். எண் பூஜ்யம் என்று வந்தால்தான் நிறுத்தும். தன்னிடம் இடம் இருக்கிறதா என்று அது ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. எவ்வளவு நீளம் என்பதை அனுப்புகிறவன் சொல்கிறான், இது அப்படியே நம்பிவிடுகிறது. பிழை அவ்வளவுதான். பஃபர் ஓவர்ஃப்ளோ என்று துறைக்காரர்கள் பெரிதாகச் சொல்வது இதைத்தான்.

இடம் நிறைந்து வழிந்தால் என்ன, மிஞ்சிப் போனால் பெட்டி நின்றுபோகும், அணைத்துப் போட்டால் சரி என்று நீ நினைப்பாய். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கரையில் மீன் ஏலம் விடும்போது கணக்கப்பிள்ளை எழுதுகிற நோட்டை நினைத்துக்கொள். ஒரு வரியில் வள்ளக்காரர் பெயர், அதை ஒட்டி அடுத்த கட்டத்தில் "பணம் யாரிடம் கொடுக்க" என்ற குறிப்பு. பெயரை நான் சொல்லச் சொல்ல அவர் தலை நிமிராமல் எழுதுகிறார். நான் வேண்டுமென்றே நீளமாகச் சொல்கிறேன். பெயர்க் கட்டம் நிறைந்து அடுத்த கட்டத்துக்குள் எழுத்து போகிறது. அங்கே ஏற்கெனவே இருந்ததன் மேல் என் எழுத்து ஏறி உட்காருகிறது. எத்தனையாவது எழுத்து அந்தக் கட்டத்தில் போய் விழும் என்று நான் முன்கூட்டியே எண்ணி வைத்திருந்தால், அங்கே என் பெயர் வரும்படி செய்துவிடுவேன். மாலையில் பணம் கொடுக்க வருகிறவர் நோட்டைப் பார்த்துக் கொடுப்பார். நோட்டில் இருப்பதை அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

ரூட்டரின் நினைவகத்தில் அப்படி ஒட்டிக் கிடப்பது "இந்த வேலை முடிந்ததும் எந்த இடத்துக்குத் திரும்பிப் போகவேண்டும்" என்ற முகவரி மாதிரியான விஷயங்கள். அதன்மேல் வேறு முகவரி எழுதப்பட்டால் பிராசசர் கேள்வி கேட்காமல் அங்கே போகும். போய், பெயரை அனுப்பிய ஆள் வைத்த கட்டளையை ஓட்டும். இப்போது உன் பாஸ்வேர்டு கேள்விக்கு வா. இந்தப் பெயர் பரிமாற்றம் பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால் நடக்கிறது. நீ பூட்டு எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் அந்த ஆள் பூட்டுப் பக்கமே வரவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எஸ்.எம்.பி. சேவை வழக்கமாக அணைத்தே இருக்கும். நீ என்றாவது பென்டிரைவ் செருகிப் படம் பகிர அதை ஆன் செய்யாமல் இருந்தால் இந்த ஒரு பிழையால் உனக்கு ஆபத்தில்லை. ஐ.பி. மெனுவில் எஸ்.எம்.பி. என்று இருக்கும், பார்த்துவிடு. 6.41.3இல் இதைச் சரி செய்துவிட்டார்கள்.

ஆனால் அடுத்த மாதமே வந்தது பெரிய அடி. ரூட்டரைக் கையாள நீ தினமும் திறக்கிற வின்பாக்ஸ் இருக்கிறதே, அதன் கதவு வழியாக, உள்ளே நுழையாமலேயே ரூட்டரின் பயனர் கோப்பைப் படித்துவிடலாம் என்று தெரியவந்தது. இது வழிகிற பிழை இல்லை, வேறு ஜாதி. கோப்பின் பாதையைக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடும். அந்தக் கோப்பில் பாஸ்வேர்டு எளிதாகப் பிரித்தெடுக்கிற மாதிரித்தான் இருந்தது. கம்பெனிக்காரர்கள் தாமதிக்கவில்லை, ஏப்ரல் 23ஆம் தேதியே 6.42.1இல் சரி செய்துவிட்டார்கள். ஆனால் அதைப் போட்டுக்கொள்ள வேண்டியது யார்? உன்னைப் போன்றவர்கள். "நல்லா ஓடுற பெட்டி."

அந்த ஆகஸ்டில் டெனபிள் என்ற நிறுவனத்தின் ஆய்வாளர் ஜேக்கப் பெய்ன்ஸ் இன்னொன்றை வெளியிட்டார். லைசென்ஸ் புதுப்பிக்கிற ஒரு நிரல். அது பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு வலை முகவரிக்குள் செருகி நீள வரியாக ஆக்கும். அந்த வரிக்கு ஒதுக்கிய இடம் கொஞ்சம்தான், ஆனால் பெயர் எவ்வளவு நீளமானாலும் அவ்வளவையும் உள்ளே தள்ளும். மறுபடியும் வழிதல். இதற்கு உள்ளே நுழைந்திருக்க வேண்டும், அதனால் தனியாகப் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் இரண்டையும் கோத்துப் பார். வின்பாக்ஸ் ஓட்டையில் பாஸ்வேர்டை எடுத்து, அதைக்கொண்டு உள்ளே போய், லைசென்ஸ் ஓட்டையில் வழியவைத்தால் பெட்டி முழுவதும் கைக்கு வந்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் "நமக்கு வராது" என்று தோன்றுகிற பிழைகள் சேர்ந்தால் இப்படி ஆகும். அந்த அக்டோபரில் 30 விழுக்காடு பெட்டிகள் மட்டும்தான் திருத்தம் போட்டிருந்தன என்று டெனபிள் கணக்குச் சொன்னது.

"இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், வேம்பாருக்கு யார் வரப்போறா" என்றுதானே நினைக்கிறாய்? யாரும் ஊர் பார்த்து வருவதில்லை. ஒரு நிரல் உலகத்தின் எல்லா முகவரியையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும். அந்த வருஷம் பிரேசிலில் தொடங்கி லட்சக்கணக்கான மைக்ரோடிக் பெட்டிகளில் காயின்ஹைவ் என்ற நிரலை ஏற்றிவிட்டார்கள். அக்டோபரில் இந்தியாவில் மட்டும் 30,000 பெட்டிகள் வரை மாட்டியிருந்ததாக பான்பிரீச் என்ற நம் நாட்டு ஆய்வுக் குழு சொன்னது. எப்படித் தெரியுமா? ரூட்டரின் வெப் ப்ராக்சியை ஆன் செய்து, அந்த வழியாகப் போகிற பக்கத்தில் நாலு வரி ஸ்கிரிப்டைச் செருகிவிடுவார்கள். உன் வாடிக்கையாளர் வீட்டில் பையன் ரிசல்ட் பார்க்கத் திறந்த பக்கத்தில், பின்னால் அவன் போன் எவனோ ஒருவனுக்காக மொனேரோ என்ற மின்காசு தோண்டிக்கொண்டிருக்கும். போன் சூடாகும், சார்ஜ் இறங்கும். அவன் போனைத்தான் திட்டுவான். ரொம்ப முத்தினால் உன்னிடம் வந்து "நெட் ஸ்லோ" என்பான். நீ வயரைப் பார்ப்பாய். ரூட்டருக்குள் யாரும் பார்ப்பதில்லை. காயின்ஹைவ் 2019 மார்ச்சில் கடையை மூடிவிட்டது. பெட்டிகளின் ஓட்டை மூடவில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. அதே அக்டோபரில் ரஷ்ய மொழி பேசுகிற ஒரு ஆள், தானே பிறர் ரூட்டர்களுக்குள் புகுந்து, வெளியார் நுழையாதபடி ஃபயர்வால் விதி எழுதி, "பூட்டிவிட்டேன், கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று தொடர்பு முகவரியும் வைத்துவிட்டுப் போனார். ஒரு லட்சத்துக்கும் மேல் செய்தேன் என்றார். பதில் போட்டவர்கள் ஐம்பது பேர் அளவில், அதிலும் பெரும்பாலோர் சண்டைக்கு வந்தார்களாம். சட்டப்படி தப்புத்தான். ஆனால் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நீயும் ஒருமுறை உன் ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து, நீ எழுதாத குறிப்பு ஏதாவது கிடக்கிறதா என்று பார். கிடந்தால் அந்த மனிதரைத் திட்டாதே.

என்னைக் கேட்டால் இதில் எல்லாம் ஆச்சரியம் ஒன்றே ஒன்று. வழிந்த இடத்திலெல்லாம் மாட்டியது பெயர் கேட்கிற வரியில்தான். 1988 நவம்பர் 2ஆம் தேதி ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழு இணையத்தையே கலங்கடித்தது. அது நுழைந்த வழிகளில் ஒன்று ஃபிங்கர் என்ற சேவை. யாரைப் பற்றி விசாரிக்கிறாய் என்று அது ஒரு பெயர் கேட்கும். 512 பைட் இடம் வைத்திருந்தார்கள், புழு 536 பைட் கொடுத்தது. 2015இல் நெட்யு.எஸ்.பி. என்று, நெட்கியர், டி-லிங்க், டி.பி-லிங்க் எனப் பல கம்பெனி ரூட்டர்களுக்குள் இருந்த ஒரு துணை நிரலில் இதே கதை. இணையவரும் கம்ப்யூட்டர் தன் பெயரைச் சொல்லும், அது 64 எழுத்துக்கு மேல் போனால் வழியும். எழுதினவர் மனசில் "எவன் கம்ப்யூட்டருக்கு 64 எழுத்தில் பெயர் வைப்பான்" என்று இருந்திருக்கும். நம்மூரில் ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர், பெர்னாண்டோ, மச்சாது என்று குடும்பப் பெயர் எல்லாம் சேர்த்து எழுதிய ஒரு பாஸ்போர்ட் படிவத்தைக்கூட அவர் பார்த்ததில்லை போலும். யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதியதில்லை. சாதாரண மனிதன் சாதாரணப் பெயர் சொல்வான் என்று நம்பி எழுதியது. எங்கள் ஆபீஸ் டீமில் புதுசாக வருகிற பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் ரிவ்யூவில் திருப்பி அனுப்பினால், "யாருக்கா இவ்ளோ நீளமா அனுப்புவா?" என்று கேட்கிறார்கள். அனுப்புகிறவன் அதை மட்டும்தான் அனுப்புவான்.

சி மொழியில் அந்தப் புழு பயன்படுத்திக்கொண்ட கெட்ஸ் என்ற கட்டளை, வருகிற எழுத்தை அளவு பார்க்காமல் வாங்கும். அதை மொழியின் தரநூலிலிருந்து எடுத்துவிட 2011 ஆயிற்று. 23 வருஷம்! இடையில் 1998இல் ஸ்டாக்கார்ட் என்று ஒரு உபாயம் வந்தது. திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு காவல் எண்ணை வைத்து, திரும்புவதற்குள் அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பது. நம் கம்ப்யூட்டர்களில் அது எப்போதோ வழக்கமாகிவிட்டது. விலை குறைந்த ரூட்டர்களில் பலவற்றில் அந்த மாதிரிப் பாதுகாப்பெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் வந்தது, சிலவற்றில் வரவேயில்லை. அலமாரியில் கிடக்கிற பெட்டிதானே என்று.

இனி உன் வேலை. அப்டேட் போட்டால் போதும் என்று நினைத்துவிடாதே, அதையும் சொல்லத்தான் இத்தனை நீளம். 2021 செப்டம்பரில் மேரிஸ் என்ற பெயரில், மாட்டிய பெட்டிகளின் கூட்டம் ஒன்று ரஷ்யாவின் யாண்டெக்ஸ் நிறுவனத்தின்மேல் விநாடிக்கு 2 கோடியே 18 லட்சம் கோரிக்கைகளை ஏவியது. ஏவியவை பெரும்பாலும் மைக்ரோடிக் பெட்டிகள். புது ஓட்டையா என்று எல்லாரும் பதறினார்கள். மைக்ரோடிக் விசாரித்துச் சொன்னது, இவை 2018இல் மாட்டிய அதே பெட்டிகள் என்று. சிலர் அப்டேட்கூடப் போட்டிருந்தார்கள். ஆனால் திருட்டுப்போன பாஸ்வேர்டை மாற்றவில்லை, உள்ளே வைத்துவிட்டுப் போனதைத் தேடவில்லை.

ஆகவே முதலில் தேடு. சிஸ்டம் மெனுவில் ஷெட்யூலர், ஸ்கிரிப்ட்ஸ் இரண்டையும் திற. நீ எழுதாத எதுவும், முக்கியமாக வெளியிலிருந்து எதையோ ஃபெட்ச் செய்கிற வரி இருந்தால், அது உன்னுடையது இல்லை. ஐ.பி.யில் சாக்ஸ், வெப் ப்ராக்சி இரண்டும் அணைந்திருக்க வேண்டும். ஃபயர்வாலில் 5678 போர்ட்டுக்கு வழிவிடுகிற விதி இருக்கிறதா பார். பி.பி.பி.யில் எல்-டூ-டி-பி கிளையன்ட் ஒன்று, எல்.வி.பி.என். என்ற பெயரில் இருந்தால் தொடாதே, உடனே என்னைக் கூப்பிடு. அப்போது அப்டேட் பேச்சே இல்லை, நெட்இன்ஸ்டால் வைத்துப் பெட்டியைத் துடைத்துப் புதுசாக ஏற்றவேண்டும்.

எதுவும் இல்லையென்றால் பேக்கப்பும் எடு, எக்ஸ்போர்ட்டும் எடு, இரண்டையும் லேப்டாப்பில் இறக்கி வை. 6.41இல் மாஸ்டர் போர்ட் முறையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பிரிட்ஜ் ஆக்கினார்கள். மேலே போகும்போது அது தானாக மாற்றிக்கொள்ளும், ஆனால் பிடிக்கவில்லை என்று மறுபடி 6.40க்கு இறங்கினால் பழைய அமைப்பு திரும்பி வராது. உன் சந்து சந்தான இணைப்பெல்லாம் அறுந்துவிடும். பேக்கப் இருந்தால்தான் தப்பிப்பாய். 6 வரிசையின் கடைசிப் பதிப்புக்குப் போ. 7க்கு இப்போதைக்குப் போகவேண்டாம், நான் வரும்போது பார்க்கலாம். பெட்டி எழுந்ததும் சிஸ்டத்தில் ரூட்டர்போர்டு என்று இருக்கும், அதிலும் அப்கிரேட் கொடுத்து இன்னொரு தடவை ரீபூட் செய்.

பிறகு பாஸ்வேர்டை மாற்று. அட்மின் என்ற பெயரையே எடுத்துவிட்டு வேறு பயனர் வை. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். மோடங்களில் மால்வேர் புகுந்ததே, அங்கே ஓட்டைகூடத் தேவைப்படவில்லை, பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். ஐ.பி. சர்வீசஸில் டெல்நெட், எஃப்.டி.பி., வலைப்பக்கம், ஏ.பி.ஐ. எல்லாம் அணை. வின்பாக்ஸை மட்டும் வை, அதுவும் உன் ஆபீஸ் முகவரியிலிருந்து மட்டும் திறக்கும்படி. "வீட்டிலேர்ந்து பார்க்கணும்" என்பாய். வி.பி.என். போட்டுப் பார், சோம்பேறி.

எப்போது செய்வது என்று மைனியிடம் பேசினேன். ராத்திரி வேண்டாம். விடியற்காலம் வள்ளம் தள்ளுகிறவர்கள் காற்றும் அலையும் போனில் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள், ஹைதராபாத் இன்காய்ஸின் கடல் எச்சரிக்கை வருகிற நேரத்தில் நெட் இல்லையென்றால் அது வேறு வினை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்கு யாரும் போகமாட்டார்கள். இரண்டாம் பூசை நேரத்தில் ஊரே கோயிலில் இருக்கும், சாமியார் பிரசங்கமும் நீளம். அந்த நேரத்தில் முடித்துவிடு. நீ முதல் பூசைக்கே போய்விட்டு வா, இல்லாவிட்டால் அம்மா என்னைத் திட்டுவாள்.

இன்னொன்று. 2022 ஏப்ரல் 28ஆம் தேதி மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு ஆணை போட்டது. இப்படி ஏதாவது நடந்தது தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். இணைப்புக் கொடுக்கிறவன் சின்னவனா பெரியவனா என்று அதில் இல்லை. ரூட்டரின் நினைவில் லாக் நிற்காது, ரீபூட் ஆனால் போய்விடும். பழைய கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் கிடக்கிறதே, அதில் சிஸ்லாக் வாங்குகிற மாதிரி அமைத்துத் தருகிறேன்.

"நல்லா ஓடுது" என்பதற்கு மட்டும் ஒரு பதில். திருடனுக்கும் பெட்டி நன்றாக ஓடவேண்டும். நின்றுபோனால் அவனுக்கு என்ன லாபம்? மாட்டிய 30,000 பேருடைய பெட்டியும் அன்றைக்கு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எக்ஸ்போர்ட் கோப்பை எனக்கு அனுப்பும்போது ஹைட்-சென்சிடிவ் என்று சேர்த்து எடு. வாடிக்கையாளர் பாஸ்வேர்டு எல்லாம் வாட்ஸாப்பில் சுற்றவேண்டாம்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: அப்டேட் கொடுத்ததும் "இடம் போதவில்லை" என்று சொன்னால் பயப்படாதே. 16 எம்.பி. பெட்டிகளில் அது சகஜம். ஃபைல்ஸ் மெனுவில் பழைய பேக்கப் கோப்புகள் நிறையக் கிடக்கும், லேப்டாப்புக்கு எடுத்துவிட்டு அங்கே அழி. அப்படியும் ஏறாவிட்டால், ஹாட்ஸ்பாட் பேக்கேஜ் தனியாக ஏறியிருந்தால் அதை எடுத்துவிடு, நீ அதைப் பயன்படுத்துவதே இல்லை.